கிராப்புக் கோழி போன இடம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதை யார் கேட்டாலும் ஒத்துக்கொள்வேன். ஆனால் கோழி திருடுகிற புத்தி என் பரம்பரைக்கே கிடையாது. அதை உறுதியாகச் சொல்ல முடியும், ஏனென்றால் என்னைத் திருடி என்று சொன்னவளும் அதே பரம்பரைதான். பாண்டியம்மாள் என் கூடப்பிறந்த அக்கா. அவளை அபிராமத்துக்குத் தெற்கே இந்த ஊரில் செல்லச்சாமிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பிறகு அவர் தம்பி மருதுபாண்டிக்கு என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். இரண்டு வீடு, ஒரே கொல்லை, நடுவில் கருவேல முள்ளால் ஒரு வேலி. அந்த வேலியில் ஓரிடத்தில் மட்டும் முள் இருக்காது. நாங்கள் இருவரும் போய் வந்து உண்டான வழி அது.

அக்காளுக்கு உமையாள் என்று ஒரே மகள். எனக்கு வாய்த்தது இரண்டும் பையன்கள். அதனால் உமையாளுக்குச் சடை பின்னியதும், அம்மை போட்டபோது வேப்பிலையோடு பக்கத்தில் கிடந்ததும், பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுதபோது முதுகில் இரண்டு வைத்ததும் நான்தான். தொண்டியில் சைக்கிள் கடை வைத்திருக்கிற பையனுக்கு அவளைக் கொடுத்திருந்தது. தலைப்பிள்ளை உண்டாகியிருந்தாள். ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்துத் தாய்வீட்டுக்குக் கூட்டி வருவார்கள். பிள்ளை பிறந்ததும் முதலில் கையில் வாங்கப்போவது சின்னம்மாதான் என்று அவளே கல்யாணத்துக்கு மறுநாளே சொல்லிவிட்டாள். நான் பழைய சேலைகளைக் கிழித்துத் துவைத்து அடுக்கி வைத்துக் காத்திருந்தேன்.

இதற்கு நடுவில்தான் கோழி காணாமல் போனது.

அக்காள் வளர்த்தது ஒரு செவலைக் கோழி. தலையில் முடியைச் சிலிர்த்துவிட்ட மாதிரி இறகு நிற்கும். ஊரில் அதைக் கிராப்புக் கோழி என்பார்கள். முட்டை இடுவதில் அது சுமார்தான். ஆனால் முட்டைகளை அடைகாக்க அவயத்தில் உட்கார்ந்துவிட்டால் இடியே விழுந்தாலும் எழுந்திருக்காது. அதன் வயிற்றுக்குக் கீழே வைத்த முட்டை கூமுட்டையாகப் போனதாகச் சரித்திரம் இல்லை. பிள்ளை பெற்றவளுக்கு வெடக்கோழிச் சாறு வைத்துக் கொடுக்கவேண்டும் அல்லவா. உமையாளின் பிரசவத்துக்குக் கோழிகள் தயாராக இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, அக்காள் ஒரு சட்டியில் தவிட்டைப் போட்டு முட்டைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தாள். கிராப்பு அவயத்துக்கு ஏங்கிக் கொர்ரென்று கேறத் தொடங்கியதும் அடியில் வைத்துவிடலாம் என்று இருந்தாள்.

அந்தக் கிராப்புக்கும் எனக்கும் ஆகாது என்பதும் உண்மைதான். வேலியைத் தாண்டி வந்து நான் காயப்போட்ட நெல்லின் நடுவே நின்று சீய்க்கும். "இன்னொரு தடவ வந்தேன்னா ஒன்னக் கொழம்பு வச்சுருவேன்" என்று பத்துப் பேர் காதுபட நான் சொன்னதும் உண்மைதான். எந்த வீட்டில்தான் அதைச் சொல்லாமல் கோழி விரட்டுகிறார்கள், சொல்லுங்கள்.

பஞ்சாயத்து ஆபீசில் டிவி வந்த வருஷம், ஐப்பசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் வீட்டுக்காரரின் சிநேகிதர், பரமக்குடித் தறிக்காரர், முன்சொல்லாமல் வந்து நின்றார். எங்கள் செவலைச் சேவலைப் பிடித்து அறுத்துக் குழம்பு வைத்தேன். அன்றைக்குச் சாயந்திரம் கிராப்புக் கோழி கூட்டுக்கு வந்து அடையவில்லை. மறுநாள் காலையில் அக்காள் எங்கள் குப்பைக்குழிக்குப் பக்கத்தில் குனிந்து நின்றாள். கையில் ஒரு செவலை இறகு.

"இது என்னடி?"

"எறகு."

"எறகுன்னு எனக்குத் தெரியாதா? எந்தக் கோழி எறகு?"

"எங்க சேவல் எறகு. நேத்து விருந்தாளி வந்தாரு, அறுத்தோம்."

அவள் அந்த இறகை என் முகத்துக்கு நேரே ஒருதரம் ஆட்டினாள். "பிள்ளத்தாச்சிக்குன்னு வச்சிருந்த கோழிடி அது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். வேறு யாராவது சொல்லியிருந்தால் குடுமியைப் பிடித்திருப்பேன். அக்காள் சொன்னதால் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

நான்கைந்து நாள் கழித்து, தெருக்கோடிப் பஞ்சம்மாள் அடிபம்பிலிருந்து குடத்தோடு நேராக என்னிடம் வந்தாள். "ஒங்கக்கா கம்மாக்கரைக் கருப்பன் கோயிலுக்கு உளியோட போயிட்டு வந்துருக்கா. காரியத்த முடிச்சுட்டேன்னு பம்புல வச்சு எல்லாருக்கும் கேக்கச் சொல்றா" என்றாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு பொருள் களவுபோனால், சாமி முன்னால் காசை வைத்து உளியால் இரண்டாக வெட்டிப் போடுவார்கள். எடுத்தவனைச் சாமி பார்த்துக்கொள்ளும். யார்மேல் சந்தேகமோ அந்த வீட்டோடு அப்புறம் நெருப்புக் கிடையாது, தண்ணீர் கிடையாது. ஒரு வாய் சோறு புழங்கக் கூடாது. மீறிப் புழங்கினால் பச்சைப்பிள்ளைக்கும் வயிற்றுப் பிள்ளைக்காரிக்கும்தான் முதலில் ஆகாது என்பார்கள். மறுபடி சேர வேண்டுமானால் இரண்டு வீட்டுக்காரரும் அதே சாமி முன்னால் போய், வெட்டின துண்டுகளைச் சேர்த்து மஞ்சள் துணியில் முடிந்துவைத்து, ஒரே செம்பில் தண்ணீர் குடிக்க வேண்டும். அதற்கு ஒரு ஆள் முதலில் இறங்கி வரவேண்டும். எங்கள் பரம்பரையில் அந்தப் பழக்கமும் கிடையாது.

அன்றைக்கே வேலியில் இருந்த வழியில் முள்ளை வெட்டிப் போட்டேன். கையில் கீறி ரத்தம் வந்தது. அக்காள் முற்றத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு நாங்கள் நேருக்கு நேர் பேசவில்லை. கோழிகளிடம் பேசினோம். கிராப்பு போனதால் அக்காள் பரமக்குடிச் சந்தையில் ஒரு பண்ணை வெள்ளைக் கோழியை வாங்கி வந்து அவயத்துக்கு உட்காரவைக்கப் பார்த்தாள். அது தினம் ஒரு முட்டை இடும், உட்காரத் தெரியாது. கூடையைப் போட்டு மூடிக் கல்லைத் தூக்கி வைத்தாள். அது உள்ளேயே எழுந்து நின்று முட்டைகளை மிதித்து உடைத்துவிட்டு, மஞ்சள் காலோடு வெளியே வந்தது.

"ஏ வெள்ளச்சி, ஒனக்குக் கோடிப் புண்ணியமா இருக்கும், வேலியத் தாண்டிப் போயிராத. அங்கிட்டுப் போன உசுரு திரும்பாது" என்று அதைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்.

எனக்கும் ஒரு வழி கிடைத்தது. என் கருங்கோழி ஒன்று அதே சமயத்தில் அவயத்துக்குக் கேறிக்கொண்டு திரிந்தது. வைக்க முட்டை இல்லை. சேவலை அறுப்பதற்குப் பத்து நாள் முன்பிருந்தே என் கோழிகள் கூடையில் முட்டையிடுவதை நிறுத்திவிட்டிருந்தன. கொல்லையில் எங்கோ கள்ளத்தனமாக இடுகின்றன, அதை அக்காள் வீட்டார் பொறுக்கிக்கொள்கிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன். கேறுகிற கோழியைத் தெளிய வைக்கத் தொட்டித் தண்ணீரில் கழுத்துவரை முக்கி எடுத்து, மூக்குத் துளையில் அதன் இறகையே ஒன்று குத்தி விடுவோம். அதை வேலியோரமாக வைத்துச் செய்தேன்.

"ஒனக்கு எதுக்குடி அவயம்? திருட்டு வீட்டுக் கோழிக்குக் குஞ்சு ஒரு கேடா?" என்று கேட்டுக்கொண்டே முக்கினேன்.

அக்காள் கையில் இருந்த முறத்தை அப்படியே பிடித்துக்கொண்டு அந்தக் கருங்கோழியைப் பார்த்தாள். அவளிடம் முட்டை இருந்தது, உட்காரக் கோழி இல்லை. என்னிடம் உட்காரக் கோழி இருந்தது, முட்டை இல்லை. முன்னே என்றால் மடியில் முட்டையைக் கட்டிக்கொண்டு வந்து, கேட்காமலேயே வைத்துவிட்டுப் போயிருப்பாள். குஞ்சில் பாதி அவளுக்கு, பாதி எனக்கு. நான் இன்னொரு முக்கு முக்கினேன். கோழிதான் பாவம்.

அடுத்த வாரம் அடுப்புக்கு விறகு தீர்ந்தது. மாட்டுக்கொட்டிலில் என் வீட்டுக்காரர் சாத்தி வைத்திருந்த முள்கட்டை இழுத்தேன். அதற்குப் பின்னால் நெல் கொட்டி வைக்கிற பழைய மண் குலுக்கை ஒன்று வாய் உடைந்து சாய்ந்து கிடக்கும். உள்ளே வைக்கோல் கூளம். கையை விட்டேன், சுரீர் என்று ஒரு கொத்து. குனிந்து பார்த்தால், இருட்டுக்குள் தலையில் கிராப்பு நிற்கிறது.

ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அடி சண்டாளி" என்று அதைக் கொஞ்சவே செய்தேன். வயிற்றுக்குக் கீழே தடவிப் பார்த்தேன். என் கோழிகள் இட்ட வெள்ளை முட்டைகளும் அதன் சொந்தத் தவிட்டு நிற முட்டைகளுமாக நிறையக் கிடந்தன. ஒன்றை எடுத்து வெயிலுக்கு நேரே, கையைக் குழலாக்கிப் பிடித்துப் பார்த்தேன். உள்ளே கருத்துத் திரண்டிருந்தது. நரம்பு ஓடியிருந்தது. பாதி நாளைத் தாண்டிவிட்ட அவயம்.

அடுத்த நிமிஷமே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். இப்போது இதைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தால் ஊர் என்ன சொல்லும்? காசு வெட்டின பயத்தில் திருடி தானாகக் கொண்டுவந்து விட்டாள் என்று சொல்லும். அறுத்தேன் என்றால்கூடப் பரவாயில்லை, ஒளித்து வைத்து அவயம் வேறு வைத்தாள் என்பார்கள். சரி, கோழியை மட்டும் வேலிக்கு அந்தப்புறம் தூக்கிப் போட்டுவிடலாம் என்று போட்டும் பார்த்தேன். நான் கொட்டிலுக்குத் திரும்புவதற்குள் அது எனக்கு முன்னால் வந்து குலுக்கைக்குள் நுழைந்து இறகை விரித்து உட்கார்ந்துவிட்டது. முட்டைகளைத் தூக்கி எறிந்தால் கோழி தெளிந்து வீட்டுக்குப் போய்விடும். ஆனால் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஒரு உயிர் புரண்டுகொண்டிருந்தது. அதுவும் அவை உமையாளுக்கான குஞ்சுகள். எனக்குக் கை வரவில்லை.

ஆகையால் காதும் காதும் வைத்த மாதிரிப் பொரிக்க விடுவது, பொரித்ததும் விடியலில் தாயையும் குஞ்சுகளையும் வேலிப்பக்கம் ஓட்டிவிடுவது, அது தானாக எங்கோ வைக்கோல் படப்படியில் பொரித்து வந்ததாக இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். முள்கட்டை மறுபடி சாத்தி வைத்தேன். மத்தியானம் ஊர் அசந்திருக்கிற நேரத்தில் கிராப்பை இறக்கிவிட்டுக் குருணையும் தண்ணீரும் வைப்பேன். அது சாம்பலில் புரண்டுவிட்டு நேராக உள்ளே போய்விடும். பேன் பிடிக்காமல் இருக்க நொச்சி இலை பறித்துப் போட்டேன். ஐப்பசி இடியில் முட்டை கலங்கிவிடக் கூடாது என்று ஒரு கரித்துண்டும் உடைந்த அரிவாளும் வைக்கோலுக்கு அடியில் செருகி வைத்தேன். என் சொந்தக் கோழிக்குக்கூட இவ்வளவு நான் பார்த்ததில்லை.

நொச்சியை மீறிப் பேன் என் தலையில் ஏறியது. என்னிடமிருந்து என் வீட்டுக்காரருக்கு ஏறியது. அவர் முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டே கொட்டிலுக்குள் போய்ப் பார்த்துவிட்டார்.

"ஏன்டி, இது மதினி கோழில்ல?"

"சத்தம் போடாதீக."

"தூக்கிட்டுப் போயிக் குடுத்துட்டு வா. கோழிதான."

"கோழிதானா? என்னையத் திருடின்னு ஊரு முச்சூடும் பேசும்."

"இப்ப மட்டும் என்ன பேசுதாம்?" என்று கேட்டுவிட்டு, முதுகைச் சொறிந்துகொண்டே வெளியே போனார். இந்த மனிதரிடம் யோசனை கேட்பதைவிட மாட்டிடம் கேட்கலாம்.

வளைகாப்பு வந்தது. தொண்டிக்கு வேன் பிடித்துப் போனார்கள். ஊரில் பாதிப்பேர் போனார்கள். வெற்றிலை பாக்கு எனக்கு வரவில்லை. வேன் எங்கள் வாசலைத் தாண்டும்போது நான் கொட்டிலுக்குள் போய் நின்றுகொண்டேன். உமையாளுக்கு என்று நான் எடுத்து வைத்திருந்த பச்சை வளையல் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. சும்மா சொல்லக் கூடாது, அழுதேன்.

சாயந்திரம் வேன் திரும்பி வந்தது. நான் குலுக்கை ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். காலையிலேயே முட்டைகளில் மூக்குத் தடம் விழுந்திருந்தது. ஓட்டுக்குள்ளிருந்து கீச் கீச் என்று சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. வேலிப்பக்கம் சலசலவென்று முள் ஒதுங்குகிற சத்தம் கேட்டது. பின்னாலேயே அக்காளின் குரல்.

"ஏ உமையா, அங்கிட்டுப் போகாத. நான் சொல்றது காதுல விழுகுதா இல்லையா?"

கை நிறையக் கண்ணாடி வளையல் குலுங்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உமையாள் கொட்டில் வாசலில் வந்து நின்றாள். முகம் பூரித்துப் போயிருந்தது.

"சின்னம்மா, தாகமா இருக்கு. ஒரு செம்பு தண்ணி தாங்க."

"ஏன், ஒங்காத்தா வீட்டுல பானை ஒடஞ்சு போச்சா? அங்கன போயிக் குடி."

"எனக்கு ஒங்க பானைத் தண்ணிதான் வேணும்."

"காசு வெட்டுன வீட்டுத் தண்ணி வயித்துப்பிள்ளக்காரிக்கு ஆகாது தாயி. போயிரு" என்றேன். பிறந்ததிலிருந்து அந்தப் பிள்ளைக்கு நான் ஊட்டாத நாள் இல்லை. ஒரு செம்பு தண்ணீர் கொடுக்க முடியாமல் சேலையைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது பார்த்துக் குலுக்கைக்குள் ஒரு குஞ்சு கீச்சென்றது. உமையாள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். என் திருட்டு முழியே காட்டிக் கொடுத்திருக்கும். மெல்லக் குனிந்து முள்கட்டை விலக்கிப் பார்த்தவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. கவிழ்த்து வைத்திருந்த கூடையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எந்திரி பிள்ள."

"மாட்டேன். ஆத்தா இங்கன வந்து பாக்குறவரைக்கும் நானும் இந்தக் கோழியோட அவயம்தான்."

அக்காள் வேலி இடுக்கில் வந்து நின்றாள். உள்ளே வரத் தயங்கினாள். "வெளிய வாடி" என்றாள்.

"நீ உள்ள வா. ஒன் கோழியப் பாரு" என்றாள் உமையாள்.

அக்காள் வந்தாள். குனிந்தாள். கிராப்பு இறகைச் சிலிர்த்துக்கொண்டு அவளையே ஒரு கொத்துக் கொத்தப் பார்த்தது. அதன் இறக்கைக்குக் கீழிருந்து ஈரம் காயாத இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. எனக்கு வாய் வந்துவிட்டது.

"நல்லாப் பாத்துக்க. எங்க கொழம்புல வெந்த கோழி எந்திரிச்சு வந்து குஞ்சு பொரிச்சிருக்கு."

"ஒனக்கு எப்பத் தெரியும்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"முள்ளுக்கட்ட எடுத்த அன்னைக்கே தெரியும்."

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா, காசுக்குப் பயந்து கொண்டாந்து விட்டேன்னு சொல்லியிருப்ப."

கொஞ்சம் யோசித்துவிட்டு, "சொல்லியிருப்பேன்" என்றாள். பொய் சொல்லத் தெரியாதவள் என் அக்கா என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பு இன்னும் இரண்டு நிமிஷம்தான் நின்றது.

"சரி, வெட்டுன துண்டு ரெண்டையும் கருப்பன்கிட்ட எங்கன போட்ட? வா, போயிச் சேத்து முடிஞ்சுட்டு வருவோம். பிள்ள தாகத்தோட உக்காந்திருக்கா."

அக்காள் நகரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு முந்தானையின் முடிச்சை அவிழ்த்தாள். அவிழ்க்க நேரமானது, அவ்வளவு இறுக்கி முடிந்திருந்தாள். உள்ளே இருந்து ஓரம் வளைந்து வளைந்து இருக்குமே, அந்தப் பத்துப் பைசாவை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். முழுக்காசு. நடுவில் உளி பட்ட இடத்தில் நகக்கீறல் போல ஒரு கோடு மட்டும் இருந்தது.

"உளிய வச்சேன். சுத்தியல ஓங்க மனசு வரல" என்றாள்.

"அப்பறம் எதுக்குப் பம்புல வச்சு அப்படிச் சொன்ன?"

"சொன்னா, நீ கேட்டுட்டு ஓடியாருவ, என்னைய நாலு வார்த்த வைவன்னு பாத்தேன். வாசல்லயே உக்காந்திருந்தேன். நீ வல்ல. வையிறதுக்குக்கூட வல்ல." அக்காள் வேலிப்பக்கம் கையைக் காட்டினாள். "வந்து வேலிய அடச்சுட்டுப் போயிட்ட."

அந்தக் காசை இறுக்கிப் பிடித்தேன். வளைகாப்பு போனது, பச்சை வளையல் போனது, ஒரு நாள் சோறு போனது, எல்லாம் இந்த முழுக்காசுக்காகவா என்று வந்தது பாருங்கள் கோபம், அதுவரை சேர்த்து வைத்ததை எல்லாம் அங்கேயே நின்று கொட்டினேன். இறகை ஆட்டினதற்கு வைதேன். வெற்றிலை பாக்கு வைக்காததற்கு வைதேன். வெள்ளைக் கோழியை வாங்கினாளே, அந்தப் புத்திக்கும் சேர்த்து வைதேன். அவளுக்குத் தெரிந்த வசவு, தெரியாத வசவு எல்லாம் வைதேன். உமையாள் காதைப் பொத்திக்கொண்டாள். அக்காள் ஒரு வார்த்தைக்கும் பதில் சொல்லாமல், மழைக்கு ஏங்கின கரிசல் மாதிரி அவ்வளவையும் வாங்கிக்கொண்டு நின்றாள். எனக்கு மூச்சு வாங்கியபோதுதான் பார்த்தேன், அவள் முகம் தெளிந்து கிடந்தது.

"முடிஞ்சிருச்சா?" என்று கேட்டாள்.

"இப்போதைக்கு" என்றேன்.

"அப்பச் சரி. பிள்ளைக்குத் தண்ணி குடு" என்று சொல்லிவிட்டு உமையாளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "எனக்கும் குடு. நாக்கு வறண்டு எத்தன நாளாச்சு."

பானையில் முகந்து ஒரே செம்பில் கொண்டுவந்து கொடுத்தேன்.